இயங்குதளம் மாறுதல்: தனிக் கணினிப் பயனரின் தேர்வு வரலாறு

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளை வட்டில் எழுதி வைத்தல், விசைப்பலகையில் தட்டியதைத் திரைக்குக் கொண்டுவருதல், அச்சுப்பொறி போன்ற கருவிகளுக்கு ஆணையிடுதல் ஆகியவை இதன் பணிகள். விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகியன இன்று மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பரவலாகக் காணப்படும் இயங்குதளங்கள்.

வீட்டில் கணினி வைத்திருப்பவர் ஒருவர், இருக்கும் இயங்குதளத்தில் தொடர்வதா, வேறொன்றுக்கு மாறுவதா என்று எண்ணிப் பார்க்கும் தருணங்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் பலமுறை வந்துள்ளன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுக்கு வந்தபோது இக்கேள்வி மீண்டும் பல கோடிப் பயனர்கள் முன் நின்றது. எது சிறந்த இயங்குதளம் என்ற விவாதமாகவே இது பெரும்பாலும் நடத்தப்படுகிறது. ஆனால் வரலாறு காட்டுவது வேறு. ஒருவர் மாறினாரா இல்லையா என்பதைப் பெரும்பாலும் இயங்குதளத்தின் தரம் தீர்மானிக்கவில்லை. அதனோடு கட்டப்பட்டிருந்த பிற பொருள்களே தீர்மானித்தன. அவர் பயன்படுத்தும் செயலிகள், சேர்த்து வைத்த கோப்புகள், எழுதும் மொழியின் எழுத்துகள், கையிலுள்ள வன்பொருள் ஆகிய நான்கும் அந்தக் கட்டுகள். ஒவ்வொரு காலத்திலும் இவற்றுள் ஒன்று தளர்ந்தது, மற்றொன்று இறுகியது. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

தேர்வு தொடங்கிய காலம்

தொடக்கக் காலக் கணினிகளில் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பயனருக்கு இல்லை. எந்த நிறுவனம் கணினியைச் செய்ததோ அதுவே மென்பொருளையும் தந்தது. இந்நிலையை மாற்றிய முதல் முயற்சிகளுள் ஒன்று சிபி/எம். அமெரிக்கக் கணினி அறிஞர் கேரி கில்டால் 1974-இல் இதனை உருவாக்கினார். வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியைத் தனியே பிரித்து வைத்ததால், அந்தச் சிறு பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் வேறொரு நிறுவனத்தின் கணினியிலும் சிபி/எம் ஓடியது. வேர்ட்ஸ்டார் சொற்செயலி, டிபேஸ் தரவுத்தளம் முதலிய செயலிகள் இதன்மேல் வளர்ந்தன.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் தனிக் கணினியை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய மாதத்தில் மைக்ரோசாப்ட், சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்னும் நிறுவனத்திடமிருந்து 86-டாஸ் என்ற இயங்குதளத்தின் உரிமையை விலைக்கு வாங்கியிருந்தது. அதுவே ஐபிஎம் கணினியில் பிசி-டாஸ் ஆகவும், பிற நிறுவனங்களின் கணினிகளில் எம்எஸ்-டாஸ் ஆகவும் வெளிவந்தது. ஐபிஎம் கணினி வாங்கியவர் சிபி/எம்-86 என்ற புதிய பதிப்பையும் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஆனால் அது சில மாதங்கள் தாமதமாக வந்தது. விலை 240 டாலர். பிசி-டாஸின் விலையோ 40 டாலர். பெரும்பாலோர் எதை வாங்கினர் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலை வேறுபாடு தொடக்கத்தை முடிவு செய்தது. அதன்பின் நடந்ததை முடிவு செய்தவை செயலிகள். 1983 ஜனவரியில் வெளியான லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் செயலி டாஸுக்காக எழுதப்பட்டது. கணக்கு வேலைக்கு அது வேண்டும் என்றவர்கள் டாஸ் உள்ள கணினியை வாங்கினர். அவ்வாறு வாங்கியோர் பெருகியதால் அடுத்த செயலியை எழுதியவரும் டாஸுக்கே எழுதினார். 1984 ஜனவரி 24 அன்று ஆப்பிள் வெளியிட்ட மெக்கின்டாஷ், சுட்டியும் படவடிவ இடைமுகமும் கொண்டு பழகுவதற்கு எளிதாக இருந்தது. எனினும் அதில் டாஸ் செயலிகள் ஓடவில்லை. இதனால் எளிமையை விரும்பியும் பலர் டாஸிலேயே தங்கினர்.

ஓஎஸ்/2 தந்த பாடம்

செயலிகள் எனும் கட்டு எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஓஎஸ்/2 சிறந்த எடுத்துக்காட்டு. டாஸின் இடத்தை நிரப்புவதற்காக ஐபிஎம்மும் மைக்ரோசாப்டும் சேர்ந்து இதை உருவாக்கின. முதல் பதிப்பு 1987-இல் வெளிவந்தது. 1990 மே மாதம் வெளியான விண்டோஸ் 3.0 பெரும் வெற்றி பெற்றதும் மைக்ரோசாப்ட் தன் கவனத்தை விண்டோஸின் பக்கம் திருப்பியது. ஐபிஎம் தனித்து நின்று 1992-இல் ஓஎஸ்/2 2.0 பதிப்பையும், 1994-இல் ஓஎஸ்/2 வார்ப் பதிப்பையும் வெளியிட்டது.

அக்கால விண்டோஸ், டாஸின்மேல் அமர்ந்து இயங்கியது. ஒரு செயலி முடங்கினால் கணினி முழுவதும் முடங்குவது வழக்கம். ஓஎஸ்/2 ஒவ்வொரு செயலியையும் பிரித்து வைத்து இயக்கியதால் அந்த இடர் குறைவாக இருந்தது. டாஸ் செயலிகளையும் அக்கால விண்டோஸ் செயலிகளையும் ஓஎஸ்/2 தன்னுள்ளேயே ஓட்டியது. மாற விரும்புபவர் பழைய செயலிகளை விட வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் அதே வசதி அதற்கு எதிராகவும் அமைந்தது. விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் ஓடும் என்னும்போது, ஓஎஸ்/2-க்கெனத் தனியே எழுதப் பெரும்பாலான நிறுவனங்கள் முனையவில்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-க்காக எழுதப்பட்ட புதிய 32 பிட் செயலிகள் ஓஎஸ்/2-இல் ஓடாதபோது, அதன் பயனர்கள் கைவிடப்பட்ட நிலைக்கு வந்தனர்.

நீதிமன்றம் வகுத்த சொல்

பயனர்கள் அனுபவத்தில் அறிந்த இத்தடைக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று பெயரிட்டது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாப்ட் மீது தனியுரிமைத் தடுப்பு வழக்குத் தொடர்ந்தது. நீதிபதி தாமஸ் பென்பீல்டு ஜாக்சன் 1999 நவம்பர் 5 அன்று வெளியிட்ட உண்மைத் தீர்மானங்களில் ‘செயலிகளால் எழும் நுழைவுத் தடை’ என்ற கருத்தை மையமாக வைத்தார். பயனர்கள் செயலிகள் மிகுந்த இயங்குதளத்தையே விரும்புவர். செயலி எழுதுவோர் பயனர்கள் மிகுந்த இயங்குதளத்துக்கே எழுதுவர். ஆகவே புதிதாக வரும் இயங்குதளம் எத்துணை நன்றாக இருந்தாலும் இந்தச் சுழலுக்குள் நுழைய இயலாது என்பது அதன் சாரம்.

அத்தீர்மானங்களில் ஓஎஸ்/2 சான்றாகக் காட்டப்பட்டது. உச்ச நிலையில் அது ஏறத்தாழ 2,500 செயலிகளையும், இன்டெல் வகைக் கணினிச் சந்தையில் 10 விழுக்காட்டையும் பெற்றிருந்தது. விண்டோஸுக்கோ 70,000-க்கும் மேற்பட்ட செயலிகள் இருந்தன. வழக்கின் மற்றொரு கருப்பொருள் இணைய உலாவி. செயலிகள் உலாவிக்குள் ஓடத் தொடங்கினால் அடியிலுள்ள இயங்குதளம் எதுவாயினும் பயனருக்கு வேறுபாடு இராது. நெட்ஸ்கேப் உலாவி அத்தகைய அச்சத்தை எழுப்பியதாலேயே மைக்ரோசாப்ட் அதை ஒடுக்க முயன்றது என்பது அரசின் வாதம். நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும் ஆணை 2001-இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. ஆனால் உலாவியைப் பற்றிய கணிப்பு பின்னாளில் மெய்யாயிற்று.

லினக்ஸ் வீட்டுக்கு வந்த வழி

1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்டு ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதுவே குனு திட்டம். 1991 ஆகஸ்ட் 25 அன்று பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவரும் சிறு இயங்குதளம் பற்றி இணையக் குழுவொன்றில் தெரிவித்தார். அக்கருவும் குனு கருவிகளும் இணைந்து முழு இயங்குதளமாயின. 1996-இல் கேடிஇ, 1997-இல் நோம் ஆகிய திட்டங்கள் தொடங்கி, லினக்ஸுக்குப் படவடிவத் திரைமுகப்பை அளித்தன.

எனினும் வீட்டுப் பயனருக்கு அதை நிறுவுவது அச்சம் தரும் வேலையாகவே இருந்தது. வட்டைப் பிரிக்கும்போது ஒரு தவறு நேர்ந்தால் இருக்கும் கோப்புகள் அனைத்தும் அழியும். இந்த அச்சத்தைக் குறைத்தது நேரடி வட்டு என்ற முறை. 2000-இல் ஜெர்மனியில் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், குறுவட்டிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டியது; கணினியின் வன்வட்டில் எதையும் எழுதவில்லை. குறுவட்டை வெளியே எடுத்து மீண்டும் தொடங்கினால் கணினி பழையபடி இருந்தது. மாறாமலேயே மாறிப் பார்க்கும் வாய்ப்பு பயனருக்கு முதன்முறையாகப் பரவலாகக் கிடைத்தது.

2004 அக்டோபர் 20 அன்று மார்க் ஷட்டில்வொர்த் நிதியுதவியுடன் உபுண்டு வெளிவந்தது. ஆறு மாதத்துக்கொரு பதிப்பு, ஒரே குறுவட்டில் நிறுவல், கேட்டவர்க்கு உலகின் எந்த மூலைக்கும் இலவசமாக அஞ்சலில் குறுவட்டு என்பன அதன் வழிமுறைகள். அகல இணையம் அரிதாக இருந்த ஊர்களில் கல்லூரி மாணவர்கள் லினக்ஸைக் கண்டது இந்தக் குறுவட்டுகளால்தான். இந்த அஞ்சல் சேவை 2011 வரை நீடித்தது.

2007 இறுதியில் அசூஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி என்ற சிறு மடிக்கணினி லினக்ஸுடனேயே கடைக்கு வந்தது. 7 அங்குலத் திரையும் 4 ஜிபி சேமிப்பும் கொண்ட அதில் அவ்வாண்டு வெளியான விண்டோஸ் விஸ்டா ஓடும் நிலை இல்லை. விலை மலிவான இந்தச் சந்தை லினக்ஸின் கைக்குப் போகும் என்ற நிலையில், மைக்ரோசாப்ட் 2008-இல் தன் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை இவ்வகைக் கணினிகளுக்கு மட்டும் தொடர்ந்து வழங்க முன்வந்தது. வாங்குவோர் பழகிய முகப்பைத் தேடினர். சிறு மடிக்கணினிகள் விரைவிலேயே விண்டோஸுக்குத் திரும்பின. நிறுவும் சிரமம் இல்லாதபோதும் பழக்கமும் செயலிகளும் வென்றன என்பது இந்நிகழ்வின் பொருள்.

மேக் நோக்கிய மாற்றம்

ஆப்பிள் நிறுவனம் 2001 மார்ச் 24 அன்று யுனிக்ஸ் அடிப்படையிலான மேக் ஓஎஸ் டென் இயங்குதளத்தை வெளியிட்டது. 2002-இல் விண்டோஸிலிருந்து மாறியவர்களையே முன்னிறுத்தி விளம்பரத் தொடர் ஒன்றையும் நடத்தியது. ஆனால் பலருடைய தயக்கத்தை நீக்கியது விளம்பரத்தைவிட வன்பொருள் மாற்றம்தான். 2006 ஜனவரி முதல் மேக் கணினிகள் இன்டெல் நுண்செயலிகளுடன் வந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான பூட் கேம்ப் மென்பொருளால் மேக் கணினியிலேயே விண்டோஸையும் நிறுவ முடிந்தது. பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்ற வழி இருந்ததால் பலர் துணிந்து மாறினர்.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த நுண்செயலிகளுக்கு மாறியபோது பூட் கேம்ப் வசதி அப்புதிய கணினிகளில் இல்லாமற்போயிற்று. திரும்பும் வழி ஒரு காலத்தில் இருப்பதும் மற்றொரு காலத்தில் அடைபடுவதும் நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தவை. பயனரின் கையில் இல்லை.

தமிழ் எழுத்தும் இயங்குதளமும்

தமிழில் எழுதுவோர்க்கு இதே காலத்தில் இன்னொரு கட்டும் இருந்தது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பட்டன. எந்த எழுத்துக்கு எந்த இடம் என்பதை ஒவ்வொரு எழுத்துரு உருவாக்குநரும் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். இலங்கையில் பரவலாக வழங்கிய பாமினியும் தமிழ்நாட்டு அச்சகங்களில் வழங்கிய பிற எழுத்துருக்களும் வெவ்வேறு அமைப்புக் கொண்டவை. இவ்வாறு தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும்.

இச்சிக்கலைத் தீர்க்க முயற்சிகள் நடந்தன. இணையத் தமிழர்கள் கூடித் தஸ்கி என்ற குறியாக்கத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தாப், தாம் குறியாக்கங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தரமாக அறிவிக்கப்பட்டன. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதை முறையாகத் திரையில் காட்டும் திறன் விண்டோஸில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. அடுத்து வந்த எக்ஸ்பியில்கூட அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அதை இயக்கிவிட வேண்டியிருந்தது. லினக்ஸ் பக்கத்தில் கேடிஇ, நோம் முகப்புகளைத் தமிழாக்கும் பணியைத் தன்னார்வலர்கள் 2000-களின் தொடக்கத்தில் மேற்கொண்டனர். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது.

இதன் விளைவு இயங்குதள மாற்றத்துக்கும் நேரடியாகத் தொடர்புடையது. ஒருங்குறியில் எழுதிய தமிழ்க் கோப்பு விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எதிலும் ஒரே மாதிரி படிக்கக் கிடைக்கிறது. விண்டோஸில் இ-கலப்பை அல்லது என்எச்எம் ரைட்டர் கொண்டு தட்டச்சு செய்தவர், லினக்ஸில் ஐபஸ் உள்ளீட்டு முறையில் தமிழ் 99, தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு ஆகிய அமைப்புகளைப் பெறலாம். மாறாக, பழைய எழுத்துருக்களில் பத்து, இருபது ஆண்டுகள் எழுதிச் சேர்த்த கோப்புகளை வைத்திருப்பவரும், ஒருங்குறித் தமிழை ஏற்காத பேஜ்மேக்கரில் நூல் அமைப்பவரும் இன்றும் பழைய விண்டோஸோடு கட்டுண்டு நிற்கின்றனர். கோப்புகளை எழுத்துரு மாற்றிகள் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினாலொழிய அவர்களுக்கு எந்தப் புதிய இயங்குதளமும் பயன் தராது.

தமிழ்நாட்டில் பாஸ் லினக்ஸ்

இந்திய மொழிகளை முன்னிறுத்தி, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் அடிப்படையில் பாஸ் என்ற லினக்ஸ் வழங்கலை உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்டது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது.

ஒரே கணினியில் இரண்டும் இருந்தால் தேர்வு முழுச் சுதந்திரமானது என்று தோன்றும். ஆனால் மாணவர் எதைத் திறப்பார் என்பது கல்லூரி ஆய்வகத்தில் எது கற்பிக்கப்படுகிறது, நண்பர் தரும் கோப்பு எதில் திறக்கிறது, பழுது வந்தால் யாரைக் கேட்பது என்பவற்றைப் பொறுத்தது. தேர்வுக்கான வாய்ப்பு மட்டும் போதாது. அதைச் சுற்றிய சூழலும் வேண்டும்.

கட்டுகள் தளர்ந்த காலம்

2004-க்குப் பின் மூன்று மாற்றங்கள் பழைய தடையை மெல்ல அரித்தன. முதலாவது, உலாவி. 2004 ஏப்ரலில் ஜிமெயிலும் நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0-வும் வந்தன. மின்னஞ்சல், ஆவணம், வங்கிப் பணி, பயணச்சீட்டு முன்பதிவு, காணொளி ஆகியன உலாவிக்குள் நகர்ந்தன. இரண்டாவது, கோப்பு வடிவங்களின் தரப்பாடு. ஓப்பன்டாக்குமெண்ட் வடிவம் 2006-இலும், மைக்ரோசாப்டின் ஆவண வடிவம் 2008-இலும் பன்னாட்டுத் தரங்களாயின. 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து தோன்றிய லிப்ரெஆபிஸ் இரு வடிவங்களையும் கையாள்கிறது. மூன்றாவது, விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வழி. 1993-இல் தொடங்கிய வைன் திட்டம் 15 ஆண்டுகளுக்குப் பின் 2008-இல்தான் 1.0 பதிப்பை எட்டியது. அதன் அடிப்படையில் 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் மூலம் பல விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடத் தொடங்கின.

தளராத இடங்களும் உள்ளன. வணிகர்கள் பயன்படுத்தும் டேலி விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது. அடோபியின் போட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள் கொண்ட சில இணைய விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுவதில்லை. எக்செல் கோப்பிலுள்ள மேக்ரோக்கள் லிப்ரெஆபிஸில் அப்படியே இயங்கும் என்ற உறுதி இல்லை.

ஆதரவு முடியும் நாள்

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளியாகி, 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிவதால் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படா. அதன் விளைவை 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் காட்டியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தும், அதை நிறுவாத கணினிகள் பல நாடுகளில் முடங்கின. நிலைமையின் கடுமையால் ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

விண்டோஸ் 10-இன் முடிவு முந்தையவற்றினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய நுண்செயலியையும் கேட்கிறது. இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் அலுவல்முறையில் விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை ஆயின. செயலிக் கட்டு தளர்ந்த வேளையில் வன்பொருள் கட்டு இறுகியது எனலாம். தனிப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துப் பெறும் திட்டத்தையும் மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதற்கப்பால் அத்தகைய கணினி வைத்திருப்பவருக்கு எஞ்சுபவை மூன்று வழிகள்: புதிய கணினி வாங்குவது, திருத்தமில்லாத இயங்குதளத்தில் இடருடன் தொடர்வது, அதே கணினியில் லினக்ஸ் அல்லது குரோம்ஓஎஸ் பிளெக்ஸ் போன்ற வேறொன்றை நிறுவுவது. ஒரு குடும்பத்தில் பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய ஒரே மடிக்கணினி இந்நிலையில் இருந்தால், இந்தத் தேர்வு பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

எடை போடும் முறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, மாறுவதா வேண்டாமா என்று ஆராய்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தலாம்.

முதலில் செயலிகள். ஒரு மாத காலத்தில் உண்மையில் திறந்த செயலிகளை எழுதிப் பார்க்க வேண்டும். அவற்றுள் உலாவியில் நடப்பவை எவை, மாற்றுச் செயலி உள்ளவை எவை, எதற்கும் மாற்று இல்லாதவை எவை என்று பிரிக்க வேண்டும். மூன்றாம் பட்டியலில் பிழைப்புக்குரிய ஒரு செயலி இருந்தாலும் முழுமையாக மாறுவது ஏற்றதன்று. இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வது அவருக்குப் பொருந்தலாம்.

அடுத்து கோப்புகள். ஆவணங்கள் எந்த வடிவத்தில் உள்ளன, தமிழ்க் கோப்புகள் ஒருங்குறியிலா பழைய எழுத்துருவிலா என்று பார்க்க வேண்டும். மாறுவதற்கு முன் அனைத்தையும் வெளி வட்டில் நகலெடுப்பது கட்டாயம். விண்டோஸில் வட்டு மறையாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோலை முன்னரே குறித்து வைக்க வேண்டும். அது இல்லையேல் கோப்புகள் கண்முன் இருந்தும் திறக்கா.

மூன்றாவது வன்பொருள். நாப்பிக்ஸ் காட்டிய வழி இன்று யுஎஸ்பி விரலியில் எளிதாயிற்று. விரலியிலிருந்து லினக்ஸைத் தொடங்கி வைஃபை, ஒலி, படக்கருவி, அச்சுப்பொறி ஆகியன இயங்குகின்றனவா என்று நிறுவாமலேயே சோதிக்கலாம்.

நான்காவது, திரும்பும் வழி. மாறியபின் ஒத்துவராவிட்டால் பழைய நிலைக்கு வர இயலுமா என்பதை மாறும் முன்பே உறுதிசெய்ய வேண்டும். ஐந்தாவது, துணை. சிக்கல் வரும்போது கேட்பதற்கு ஊரிலோ இணையத்திலோ ஆள் உண்டா என்பதும் எடையில் சேர வேண்டும். இலவச மென்பொருளுக்கும் கற்கும் நேரம் என்னும் விலை உண்டு.

நிறைவாக

நாற்பது ஆண்டுகளில் மாறியவர்களும் மாறாதவர்களும் இருவருமே பெரும்பாலும் தத்தம் நிலைக்கேற்ற முடிவையே எடுத்தனர். 1983-இல் விரிதாளுக்காக டாஸை வாங்கியவரைக் குறை சொல்ல இடமில்லை. 1994-இல் ஓஎஸ்/2-ஐ நம்பியவரின் கணிப்பும் தொழில்நுட்ப அளவில் சரியானதே. அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இன்றைய பயனருக்கு உண்டு. ஒருங்குறி, பொதுத்தரக் கோப்பு வடிவம், உலாவி ஆகிய மூன்றும் அவருடைய எழுத்தையும் ஆவணத்தையும் இயங்குதளத்திலிருந்து பிரித்து வைத்துள்ளன. அதே வேளையில் கோப்புகள் நிறுவனங்களின் மேகச் சேமிப்புக் கணக்குகளில் குவிவதால் புதிய கட்டு ஒன்றும் உருவாகிவருகிறது.

ஆகவே இப்போது மாறப்போவதில்லை என்று முடிவு செய்பவரும் இரண்டு செயல்களை மேற்கொள்வது நல்லது. பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது ஒன்று. தம் கோப்புகளின் முழு நகலொன்றைத் தம் கைவசமுள்ள வட்டில் வைத்திருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் செய்தவர், அடுத்த ஆதரவு முடிவு நாள் வரும்போது அவசரமின்றித் தேர்ந்தெடுக்கலாம்.